ஆயில் மூடியில் வெண்ணெய்: ஹெட்டைக் கழற்றும் முன் பார்க்க வேண்டியவை

கோத்தகிரி பக்கத்து ஹட்டி (படுகர் கிராமம்) ஒன்றிலிருந்து பச்சைத் தேயிலை ஏற்றுகிறேன். வண்டி 1998 மாடல் மினி லாரி. நாலு சிலிண்டர், டர்போ இல்லாத டீசல் என்ஜின். அப்பா ஓட்டியது, இப்போது நான் ஓட்டுகிறேன். இலையை எடை போட்டு ஏற்றினால் ஃபாக்டரி 4 கிலோமீட்டர். அங்கே வரிசையில் நின்று இறக்கிவிட்டுத் திரும்ப 4 கிலோமீட்டர். ஒரு நாளைக்கு மூன்று நடை, சீசனில் ஐந்து. இதை முதலிலேயே சொல்லக் காரணம், வண்டி என்ன வேலை பார்க்கிறது என்று தெரியாமல் அதன் ஆயிலில் ஏன் தண்ணீர் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

ஒரு ஜனவரி காலை, டப்பெட் கவர் மேலே இருக்கும் ஆயில் மூடியைத் திறந்தேன். உள்பக்கம் முழுக்க வெண்ணெய் தடவியது போல மஞ்சள் கலந்த வெள்ளைக் களிம்பு. வண்டியை மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். மூடியைப் பார்த்தார், விரலால் ஒரு வழி வழித்தார், "ஹெட் கேஸ்கட் போயிருச்சுங்கண்ணா" என்றார். என்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்கும் கீழே இருக்கும் ப்ளாக்குக்கும் நடுவில், தண்ணீரும் ஆயிலும் கலக்காமல் அடைத்து வைக்கும் தகடுதான் அது. ஆயில் அளவு பார்க்கும் கேஜை உருவிக்கூடப் பார்க்கவில்லை. நானும் சரி என்றேன். ஹெட்டை இறக்கி, அதன் அடியைச் சமமாகத் தேய்க்கும் ஃபேசிங் போட்டு, புது கேஸ்கட் வைத்து, அந்த நாலு நாளும் இலை போக வேறு வண்டிக்கு வாடகை கொடுத்து எல்லாம் முடிந்தது. பதினைந்தாம் நாள் மூடியைத் திறந்தால் அதே வெண்ணெய். கழற்றிய பழைய கேஸ்கட்டை வாங்கி வைத்திருந்தேன். வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு சிலிண்டர் ஓரத்தில்கூட எரிந்த தடம் இல்லை.

அந்த வாடகைப் பணத்துக்குக் கற்றுக்கொண்டதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

தண்ணீர் வரும் வழி

எங்கள் ஊரில் எல்லாரும் மிஸ்ட்டின் மேல் பழி போடுவார்கள். பனி இறங்குகிறது, வண்டிக்குள் போகிறது, ஆயில் பாலாகிறது என்று. கணக்குப் போட்டால் அது நிற்காது. 20 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 17 கிராம் தண்ணீரைத்தான் ஆவியாகப் பிடித்து வைத்திருக்கும். என்ஜினுக்குள் காலியாக இருக்கும் இடம் அதில் நூறில் சில பங்கு. ஒரு ராத்திரிக்கு ஒரு கிராம்கூட வராது.

தண்ணீர் வருவது டீசலிலிருந்து. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் சைலன்சர் முனையில் சொட்டுகிறதே, அது இதுதான். பெரும்பகுதி அந்த வழியாகப் போய்விடும். கொஞ்சம் மட்டும் பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கும். மெக்கானிக்குகள் பேக் கம்ப்ரஷன் என்று சொல்வது அந்தப் புகையைத்தான். ரிங் தேய்ந்த பழைய என்ஜினில் இது அதிகம். என்ஜின் நன்றாகச் சூடாகி ஓடினால் அந்த ஆவி ப்ரீதர் குழாய் வழியாக வெளியே போய்விடும். சூடாவதற்குள் அணைத்துவிட்டால் உள்ளேயே குளிர்ந்து, எங்கே இரும்பு ஜில்லென்று இருக்கிறதோ அங்கே ஒட்டும். என்ஜினில் காற்றுப் படும் உச்சியில் இருப்பது ஆயில் மூடி. அதனால்தான் முதலில் அங்கே தெரிகிறது. மூடியில் வெண்ணெய் இருந்தால் அந்த இடம் குளிர்ச்சி என்று மட்டும்தான் அர்த்தம். ஹெட்டைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை.

இன்னொன்றையும் மனதில் வைக்க வேண்டும். ரேடியேட்டர் முள் சூட்டைக் காட்டியதும் ஆயிலும் சூடாகிவிட்டது என்று நினைக்கிறோம். ஆயில் எப்போதும் தண்ணீருக்குப் பின்னால்தான் சூடாகும். 4 கிலோமீட்டர் ஓட்டத்தில் முள் பாதி வந்திருக்கும், சேம்பரில் (என்ஜின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) இருக்கும் ஆயிலைத் தொட்டால் கை பொறுக்கும் சூடுதான் இருக்கும்.

விடியற்காலைப் பரிசோதனை

எல்லாவற்றிலும் நான் நம்புவது இது ஒன்றைத்தான். செலவு கிடையாது.

தண்ணீர் ஆயிலைவிடக் கனம். ராத்திரி முழுக்க வண்டி அசையாமல் நின்றால் தனியாக இருக்கும் தண்ணீர் சேம்பரின் அடியில் போய் உட்காரும். ஆகவே வண்டியைச் சமமான இடத்தில், முடிந்தால் ஆயிலை இறக்கும் ட்ரெய்ன் போல்ட் இருக்கும் பக்கம் ஒரு நூல் தாழ்வாக நிறுத்துங்கள். காலையில் ஸ்டார்ட் செய்யவே கூடாது. யாராவது சாவியைத் திருப்பிவிட்டால் எல்லாம் கலந்துவிடும், அன்றைக்கு விட்டுவிட வேண்டியதுதான். என் சின்ன மகன் ஒரு தடவை அப்படித் திருப்பினான். அதிலிருந்து சாவி என் பாக்கெட்டில்.

முதலில் கேஜை உருவுங்கள். துடைக்காமல் அப்படியே பாருங்கள். டீசல் வண்டியில் ஆயில் கறுப்பாகத்தான் இருக்கும், அது கோளாறு இல்லை. தண்ணீர் கலந்திருந்தால் கறுப்பு மங்கி, பால் ஊற்றிய காபிக்குச் சாம்பல் தூவியது போல ஒரு நிறம் வரும். கேஜின் மேல் பகுதியில், ஆயில் தொடாத இடத்தில், சின்னத் துரு அல்லது வெள்ளைப் புள்ளி இருந்தால் அது ஆவி படிந்தது. ஆயில் தொடும் பகுதியே நிறம் மாறியிருந்தால் விஷயம் பெரிது. அளவையும் பாருங்கள். ஊற்றாமலே கோடு ஏறியிருந்தால் ஏதோ ஒன்று உள்ளே வருகிறது. நிறம் மாறாமல் அளவு மட்டும் ஏறி, ஆயில் நீர்த்து, டீசல் வாடை அடித்தால் அது தண்ணீர் இல்லை. டீசலை அனுப்பும் ஃபீட் பம்ப்பையோ, டீசலைத் தெளிக்கும் நாசிலையோ பாருங்கள்.

அப்புறம் கீழே படுங்கள். ஒரு தண்ணீர் பாட்டிலின் மேல்பாதியை வெட்டிவிட்டு அடிப்பாதியைப் போல்ட்டுக்குக் கீழே பிடியுங்கள். ஸ்பானரை மெதுவாக, அரைச் சுற்று, கசிய ஆரம்பிக்கும் வரை மட்டும். போல்ட்டை முழுசாகக் கழற்றினால் முதல் சொட்டு எது என்று பார்க்க முடியாது, ஆயில் முழங்கை வரை ஓடும். எனக்கு ஓடியிருக்கிறது. அரை டம்ளர் பிடித்ததும் இறுக்கிவிடுங்கள். போல்ட்டின் செம்பு வாஷர் நசுங்கியிருந்தால் புதிது போடுங்கள்.

அன்று எனக்கு முதலில் வந்தது தெளிவான தண்ணீர், ஒரு டீஸ்பூன் இருக்கும். அடுத்து ஒரு பழுப்பு நூல் போல இழுத்தது. அப்புறம் சுத்தக் கறுப்பு ஆயில். பாட்டிலைச் சுவரோரம் வைத்துவிட்டு டீ குடித்து வந்து பார்த்தேன், அடியில் ஒரு காசு அளவுக்குத் தண்ணீர் நின்றது. ரேடியேட்டரில் நான் ஊற்றியிருந்தது பச்சைக் கூலன்ட். பாட்டிலில் இருந்ததில் பச்சை இல்லை. கேஸ்கட் மேல் சந்தேகம் தொண்ணூறு சதவீதம் அங்கேயே தீர்ந்தது.

சில சொட்டு அல்லது ஒரு ஸ்பூன், நிறமில்லாமல் வந்தால் ஆவி குளிர்ந்த தண்ணீர். டம்ளர் கணக்கில் வந்தால் எங்கோ ஓட்டை. நிறத்தோடு வந்தால் அளவு எவ்வளவு என்றாலும் கூலன்ட். சமவெளியில் நிறையப் பேர் ரேடியேட்டரில் குழாய்த் தண்ணீரையே ஊற்றி ஓட்டுகிறார்கள். அவர்களுக்கு இந்த நிறக் கணக்கு உதவாது. முதலில் கூலன்ட் ஊற்றி ஒரு வாரம் ஓட்டிவிட்டுப் பாருங்கள். இனிக்கிறதா என்று நாக்கில் வைத்துப் பார்க்கும் பழக்கம் சில ஒர்க்‌ஷாப்பில் உண்டு. தயவுசெய்து வேண்டாம், கூலன்ட்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் விஷம்.

தோசைக்கல்லில் ஒரு சொட்டு

தண்ணீர் தனியாக நிற்காமல் ஆயிலோடு கலந்தே இருந்தால் அடியில் பிரிந்து வராது. அதற்கு ஒரு பழைய தோசைக்கல். பழையது என்றால் இனி சமையலுக்குப் போகாதது. இதை வீட்டில் தெளிவாகப் பேசிக்கொள்வது நல்லது.

வெளியே, காற்றோட்டமான இடத்தில், கண்ணாடி போட்டுக்கொண்டு செய்யுங்கள். கல்லைச் சூடாக்கித் தண்ணீரைத் தெளித்துப் பாருங்கள். சுர்ரென்று உடனே வற்றினால் சூடு சரி. முத்து முத்தாக உருண்டு ஓடினால் சூடு கூடிப்போச்சு, கொஞ்சம் ஆறவிடுங்கள். நமக்கு வேண்டியது 150 டிகிரி சுமார். அடுப்பை அணைத்துவிட்டு, கல் நன்றாகக் காய்ந்ததைப் பார்த்துவிட்டுத்தான் ஆயிலை விட வேண்டும். முதலில் டப்பாவிலிருந்து புது ஆயில் ஒரு சொட்டு. அது சும்மா பரவும், சத்தம் வராது. அடுத்து கேஜிலிருந்து ஒரு சொட்டு. சின்னக் குமிழ் ஒன்றிரண்டு வந்து அடங்கினால் ஈரம் கொஞ்சம்தான். கடுகு வெடிப்பது போல சடசடத்தால் தண்ணீர் ஆயிரத்தில் ஒரு பங்கையாவது தொட்டிருக்கும். லேபில் டீசல் என்ஜின் ஆயிலுக்குப் பொதுவாக 0.2 சதவீதத்தைத்தான் எல்லையாக வைக்கிறார்கள். ஆகவே நன்றாகப் பொரிந்தால் அந்த ஆயிலை வைத்துக்கொண்டு யோசிக்க வேண்டாம்.

இந்தச் சோதனை தண்ணீர் இருக்கிறதா என்று சொல்லும். எங்கிருந்து வந்தது என்று சொல்லாது. அதைத் தெரிந்துகொள்ள லேபுக்கு அனுப்பினால் சோடியம், பொட்டாசியம் பார்ப்பார்கள். கூலன்ட்டில் கலக்கும் மருந்துகள் ஆயிலில் தெரிந்தால் ஓட்டை உறுதி. சின்ன வண்டிக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. ரேடியேட்டரே சொல்லிவிடும்.

ரேடியேட்டரைக் கேளுங்கள்

காலையில், என்ஜின் ஜில்லென்று இருக்கும்போது மட்டும் ரேடியேட்டர் மூடியைத் திறங்கள். சூட்டில் திறந்து முகம் வெந்தவரை எனக்குத் தெரியும். ஒரு குச்சியை விட்டு எத்தனை விரற்கடை என்று குறித்துக்கொள்ளுங்கள். ஏழு நாள் அதே நேரம், அதே இடம். தரையில் சொட்டு இல்லை, ஹோஸ் ஈரம் இல்லை, வாட்டர் பம்ப் கசிவு இல்லை, ஆனாலும் அளவு இறங்கிக்கொண்டே போகிறது என்றால்தான் உள்ளே போகிறது என்று அர்த்தம். என் வண்டியில் ஏழு நாளும் குச்சி ஒரே இடத்தில் நின்றது. ஹெட்டை இறக்கும் முன் இந்த ஒரு வாரத்தை யாராவது எனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கலாம்.

கேஸ்கட் போயிருந்தால் வேறு அடையாளமும் உண்டு. மூடியைத் திறந்து வைத்தபடி ஸ்டார்ட் செய்தால் முதலில் கொஞ்சம் காற்றுக் குமிழ் வரும், அது இயல்பு. ஆக்சிலரேட்டர் கொடுக்கக் கொடுக்கத் தொடர்ந்து குமிழ் கொப்பளித்தால் சிலிண்டர் புகை தண்ணீருக்குள் போகிறது. சூடேறும் முன் அணைத்து மூடிவிடுங்கள்.

அப்புறம் மச்சானின் ஆறு சிலிண்டர் லாரி. மேட்டுப்பாளையத்திலிருந்து காய்கறி ஏற்றுகிறார். ஒருநாள் போனில், "மாப்ளே, ரேடியேட்டர்ல குழம்பு மாதிரி மிதக்குது" என்றார். போய்ப் பார்த்தால் தண்ணீரின் மேல் பழுப்பு ஆயில் பாடை. பெரிய என்ஜின்களில் ஆயிலைக் குளிர்விக்க ஆயில் கூலர் இருக்கும், ஒரு பக்கம் ஆயில், ஒரு பக்கம் தண்ணீர். ஓடும்போது ஆயில் பிரஷர் 3, 4 கிலோ, தண்ணீர்ப் பக்கம் ஒரு கிலோகூட இல்லை. கூலரில் ஓட்டை விழுந்தால் ஆயில் தண்ணீருக்குள் பாயும். வண்டியை அணைத்ததும் ஆயில் பிரஷர் பூஜ்யம், சூட்டில் தண்ணீரின் அழுத்தம் மட்டும் கொஞ்ச நேரம் நிற்கும். அப்போது தண்ணீர் ஆயிலுக்குள் திரும்பிப் போகும். இரண்டு பக்கமும் கெடுகிறது என்றால் முதல் சந்தேகம் கூலர்தான். கழற்றி, வாயை அடைத்து, காற்றுக் கொடுத்துத் தண்ணீர்த் தொட்டியில் முக்கினோம். பஞ்சர் கடையில் ட்யூபைப் பார்ப்பது போலத்தான். ஓரத்தில் ஊசி முனையளவு இடத்திலிருந்து வரிசையாகக் குமிழ். ஹெட்டை யாரும் தொடவில்லை.

பிஸ்டன் ஓடும் குழாயான லைனரைச் சுற்றித் தண்ணீர் நேராக நிற்கும் வகை என்ஜினாக இருந்தால் லைனரின் கீழ் ரப்பர் ரிங்கும் கசியலாம். சேம்பரை இறக்கிவிட்டு, தரையில் பேப்பர் விரித்து, ரேடியேட்டரில் கைப்பம்பால் மூடியில் எழுதியிருக்கும் அழுத்தம் வரை ஏற்றி ராத்திரி விட்டால், எந்தச் சிலிண்டருக்கு நேராகப் பேப்பர் நனைந்திருக்கிறது என்று காலையில் தெரியும்.

வெளியிலிருந்து நேராகத் தண்ணீர் போவதும் உண்டு. வாட்டர் சர்வீஸில் பையன்கள் பிரஷர் கன்னை ப்ரீதர் குழாயிலும் கேஜ் ஓட்டையிலும் காட்டிவிடுவார்கள். மேல்நோக்கிய சைலன்சருக்கு மூடி இல்லாமல் ஐப்பசி மழையில் நிறுத்தினாலும் போகும். சர்வீஸுக்கு மறுநாள் பால் வந்தால் முதலில் ஆயில் மூடியின் ரப்பரைப் பாருங்கள்.

என் வண்டியில் இருந்த கோளாறு

மேல் ஹோஸைப் பிடித்துப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. ஜில்லென்ற என்ஜினை ஸ்டார்ட் செய்தால், ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸ் சில நிமிடம் குளிராகவே இருந்து, தெர்மோஸ்டாட் வால்வு (என்ஜின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் பிடிப்பது) திறந்ததும் சட்டென்று சூடாக வேண்டும். என்னுடையது முதல் நிமிடத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக வெதுவெதுத்தது. ஹோஸ் என்ஜினில் மாட்டும் கழுத்தைக் கழற்றிப் பார்த்தேன். வால்வு இருக்க வேண்டிய இடம் காலி.

எப்போதோ கீழே சமவெளியில் வண்டி சூடேறியபோது யாரோ தூக்கிப் போட்டிருக்கிறார்கள். ரேடியேட்டர் அடைப்பை எடுக்காமல் வால்வை எடுப்பது நம் ஊர் வைத்தியம். சமவெளியில் அது கொஞ்ச நாள் ஓடும். 1,800 மீட்டர் உயரத்தில், 8 டிகிரி காலையில், 4 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு வால்வு இல்லாவிட்டால் என்ஜின் ஒருநாளும் சூடாகாது. கீழே போகும் நடையும் உதவவில்லை. மேட்டுப்பாளையம் 33 கிலோமீட்டர் இறக்கம், முழுக்க கியரில் பிடித்து இறங்குகிறோம், என்ஜின் வேலையே செய்வதில்லை. ஏறும்போதுதான் சூடு.

புது வால்வை மாட்டும் முன் நூலில் கட்டிப் பாத்திரத் தண்ணீரில், அடியைத் தொடாமல் தொங்கவிட்டுச் சூடாக்கிப் பாருங்கள். எந்த டிகிரியில் திறக்க ஆரம்பிக்கும் என்று அதன் மேலேயே குத்தியிருக்கும். மலையில் இருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. எங்கள் உயரத்தில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதற்கு மேல் சூடேறாது. வால்வு முழுசாகத் திறக்கவில்லை என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். நான் போனேன்.

ப்ரீதர் குழாயையும் கழற்றிக் கம்பி விட்டுச் சுத்தம் செய்தேன், பாதி அடைத்திருந்தது. அப்புறம் ஆயிலும் ஃபில்டரும் மாற்றினேன். உள்ளே டீசலோ மண்ணெண்ணெயோ ஊற்றிக் கழுவச் சொல்வார்கள், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, பேரிங்குக்கு அது ஆகாது. அதே கிரேடில் விலை குறைந்த ஆயில் ஊற்றி, பத்து நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு, சூட்டோடு இறக்கிவிட்டு நல்ல ஆயில் ஊற்றினேன். ஈரத்தை விரட்டுவதற்கு ஐடில் உதவாது. டீசல் என்ஜின் சும்மா நின்று ஓடினால் சூடாகாது, புது ஆவிதான் சேரும். அதற்கு லோடு வேண்டும். வாரம் ஒரு தடவை கீழே போய் உரமூட்டையோடு ஏறி வருகிறேன்.

கேஜிலேயே ஆயில் பாலாக இருந்தால் இதெல்லாம் பொருந்தாது. அந்த வண்டியை ஒர்க்‌ஷாப் வரைக்கும்கூட ஓட்ட வேண்டாம், கயிறு கட்டி இழுத்துப் போங்கள். அந்த ஆயில் கிராங்க் பேரிங்கைக் காப்பாற்றாது.

என் வண்டியில் மாற்றிய மூன்றாம் நாளும் பத்தாம் நாளும் மறுபடி அரைச் சுற்று ஸ்பானர் போட்டுப் பார்த்தேன். முதல் சொட்டே கறுப்பு. மூடியில் மட்டும் டிசம்பர், ஜனவரியில் இப்போதும் ஒரு மெல்லிய வெள்ளைப் பூச்சு வரும். துணியால் துடைத்துவிட்டு மூடிவிடுகிறேன்.